போலீஸ் ஜீப் இடித்தால் கிடைக்கும் சேவை: என் ஸ்டார் கணக்கு

மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் செய்கிற கடை எனக்கு. வருகிறவர்கள் எனக்கு ஸ்டார் போடுவார்கள். இந்த முறை நான் போடுகிறேன். சேவை கொஞ்சம் விசித்திரமானது. காவல்துறையின் வண்டி நம்மை இடித்துவிட்டால், அதைக் காவல்துறையே பதிவு செய்து, விசாரித்து, இழப்பீட்டு வழக்கு வரைக்கும் கொண்டு போகிற நடைமுறை. ஆள் அடிபட்டிருந்தால் மூன்றரை ஸ்டார். வண்டி மட்டும் நசுங்கியிருந்தால் ஒன்று, அதுவும் மனசு வைத்தால்.

கொங்குப் பக்கம் ஒரு ஊர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பேக்கரி முன்னால் என் வேகன் ஆரை நிறுத்தியிருந்தேன். பின்கதவைத் திறந்து, கடையில் வேலை செய்கிற தம்பி ஒரு டில்டிங் கிரைண்டரை இறக்கிக்கொண்டிருந்தான். ரோந்து வந்த பொலிரோ திரும்புவதற்காக ரிவர்ஸ் எடுத்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நடுவில் அவன் கை மாட்டிக்கொண்டது. முன்கையில் எலும்பு முறிவு, காரின் பின்கதவும் பம்பரும் உள்ளே போய்விட்டன.

ஜீப்பை ஓட்டிவந்த காவலர் உடனே இறங்கி ஓடிவந்தார். 108-க்கு போன் போட்டதும் அவர்தான். அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இடித்தவர் நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு எல்லா ஓட்டுநருக்கும் சொல்வதை அவர் செய்தார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணா, ஸ்டேஷன் வரைக்கும் வேண்டாமுங்க. ஆஸ்பத்திரி, டிங்கரிங் எல்லாச் செலவும் நான் பார்த்துக்கறனுங்க" என்றார்.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பயம். காவலர்களுக்கான ஒழுங்கு விதிகள் 1955-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அதில் 3(ஏ) என்றால் சின்னக் குற்றச்சாட்டு, 3(பி) என்றால் பெரியது. "த்ரீ பி மெமோ" என்று சொன்னாலே அவர்கள் முகம் மாறிவிடும். அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பதும் அந்த விதிகளில் இருக்கிற தண்டனைகளில் ஒன்று. இன்க்ரிமென்ட் நிற்கும், பதவி உயர்வு தள்ளிப்போகும். அதைவிடக் கைக்காசு கொடுத்து முடிப்பது அவருக்கு லாபம். இந்தச் சேவையின் அடிப்படைக் கோளாறே இங்கேதான் இருக்கிறது. இடித்ததை ஒளிக்காமல் பதிவு செய்கிற ஓட்டுநருக்கு நடைமுறை தண்டனை தருகிறது, ஓசையில்லாமல் முடிப்பவரை விட்டுவிடுகிறது.

எங்கள் விஷயத்தில் ஓசையில்லாமல் முடியவில்லை. காரணம் ஜி.ஹெச். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, அதன் நகலான ஏ.ஆர். காப்பி போட்டு, ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் அனுப்பிவிட்டார்கள். அந்தத் துண்டுக் காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் அதைத் தள்ளிவைக்க முடியாது. முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்கிற சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தருகிறேன் என்றார்கள். எலும்பு முறிவு என்பது சட்டப்படி கொடுங்காயம், சி.எஸ்.ஆர். போதாது என்று எடுத்துச் சொன்னோம். எஸ்.ஐ. அதிகம் வாதாடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 281 (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது), 125(பி) (அஜாக்கிரதையால் கொடுங்காயம்) போட்டு எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் அரசு வண்டிகளுக்கான "டிஎன்... ஜி" வரிசை வண்டியின் ஓட்டுநர். தன் ஸ்டேஷன் ஜீப்பின் மேல் தன் ஸ்டேஷனிலேயே ஒருவர் எஃப்.ஐ.ஆர். டைப் அடிப்பதைப் பார்ப்பது ஒரு அனுபவம். ரைட்டர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அதற்கப்புறம் நடந்தவை எல்லாம் உண்மையிலேயே ஒழுங்காக இருந்தன. இப்போது விபத்து விவரங்களைச் சம்பவ இடத்திலேயே படம், இருப்பிடம் சகிதம் ஏற்றுகிற ஐ-ராட் செயலி இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது, முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. படம் ஏறிய பிறகு "ஜீப் நின்றுகொண்டுதான் இருந்தது" என்று கதை மாற்றுவது சுலபமில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் வந்த விதிகளின்படி முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்தில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அடிபட்டவரின் உரிமைகளைச் சொல்கிற இரண்டாம் படிவத்தைப் பத்து நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். இடைக்கால அறிக்கை 50 நாளில், விரிவான அறிக்கை 90 நாளில். தம்பிக்கு இரண்டாம் படிவம் வீட்டுக்கே வந்தது. அவனுடைய அம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு வண்டியையும் பார்த்தார். இந்த முழு நடைமுறையில் காவல்துறைக்கு வெளியிலிருந்து வருகிற ஒரே கண் அவருடையது, போக்குவரத்துத் துறை ஆள். ஆனால் அவரிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்று: இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா? இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். யார் மேல் தப்பு என்பது அவர் வேலை இல்லை. அதை முடிவு செய்து குற்றப்பத்திரிகை போடுகிறவர் அதே ஸ்டேஷனின் விசாரணை அதிகாரி. எங்களுக்கு வாய்த்தவர் நேர்மையானவர், சரி. வேறு ஒருவர் வாய்த்திருந்தால்? பக்கத்து ஸ்டேஷனுக்கு ஃபைலை மாற்ற ஒரு உத்தரவு போதும். அரை ஸ்டாரை இங்கே கழித்தேன். பேக்கரியின் சிசிடிவி பதிவை அன்றிரவே பென் டிரைவில் வாங்கி, பேக்கரிக்காரரிடம் புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குத் தர வேண்டிய சான்றிதழில் கையெழுத்தும் வாங்கி வைத்தோம். இது வக்கீல் சொன்ன யோசனை. பேக்கரிக்காரர் கையெழுத்துப் போட யோசித்தார். ரோந்து போலீஸ் தினமும் அவர் கடையில்தான் டீ குடிக்கிறது.

இன்னொரு ஸ்டார் போனது இன்சூரன்ஸ் கட்டத்தில். அறிக்கைப் படிவங்களில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், பாலிசி எண் எழுதுகிற கட்டம் இருக்கும். எங்கள் படிவத்தில் அது காலி. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு, வணிகத்துக்குப் பயன்படாத அரசு வண்டிகளுக்குக் கட்டாய இன்சூரன்ஸிலிருந்து விலக்கு கொடுக்கிறது. அரசே பெரிய முதலாளி, அதற்கு எதற்கு இன்சூரன்ஸ் என்பது நியாயம்தான். ஆனால் புதிய விதிகளின் வேகமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனியை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது: விரிவான அறிக்கை கிடைத்ததும் கம்பெனியின் அதிகாரி 30 நாளில் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும், ஒத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. ஜீப்புக்கு அந்த அதிகாரி கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாத தனியார் வண்டி ஆளை இடித்தால் பிணை வாங்காமல் விடுவிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நம்மை இடித்த பொலிரோ மறுநாள் காலையில் அதே பேக்கரி முன்னால் நின்றது. ரோந்துக்கு வேறு வண்டி இல்லை என்றார்கள், நம்பினேன்.

அரசை எதிர்த்து வழக்குப் போட்டால் ஒன்றும் வராது என்று தெருவில் பத்துப் பேர் சொல்வார்கள். அது தவறு. உதயப்பூரில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய கலெக்டர் ஜீப் ஒருவரை இடித்துக் கொன்றது. அரசுதான் பொறுப்பு என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இழப்பீடு 15,000 ரூபாய். வித்யாவதி வழக்கு என்றால் எந்த வக்கீலுக்கும் தெரியும். எங்கள் மனுவில் எதிர்மனுதாரர் தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் வழியாக, அடுத்தது எஸ்.பி. ஓட்டுநரையும் சேர்த்திருக்கிறோம், அது சம்பிரதாயம். காவல்துறை அனுப்புகிற அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் 2019 திருத்தத்தில் எழுதியிருக்கிற ஆறு மாதக் கெடுவுக்குள் தனியாகவும் ஒரு மனு போட்டுவிடுங்கள் என்றார் வக்கீல், போட்டோம். அரசு வக்கீல் வாய்தா வாங்குகிறார். தீர்ப்பு வந்தாலும் பணத்துக்கு ஒப்புதல் வாங்க ஃபைல் மேஜை மேஜையாக ஏற வேண்டும். அதுவரை வழக்கமாகப் போடுகிற 7.5 சதவீத வட்டி ஓடும், வரிப்பணத்தில். இழப்பீடு கட்டாததால் கலெக்டர் கார் ஜப்தி என்று பேப்பரில் வரும்போது சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் செய்தியை முழுசாகப் படிக்கிறேன்.

இனி என் கார். ஆளுக்கு இத்தனை படிவம், இத்தனை கெடு. காருக்கு? எஃப்.ஐ.ஆரில் "பின்பக்கம் சேதம்" என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்டேஷனில் கேட்டால் எஸ்.பி. ஆபீஸ் என்றார்கள். எஸ்.பி. ஆபீஸில் ஆயுதப்படையின் மோட்டார் வாகனப் பிரிவைக் கைகாட்டினார்கள். அங்கே ஒரு ஏட்டையா பொறுமையாக விளக்கினார்: "சார், எங்க வண்டியில ஒரு இண்டிகேட்டர் உடைஞ்சாலும் எங்ககிட்ட ஃபைல் இருக்கு. உங்க வண்டிக்கு எங்ககிட்ட ஃபைலே கிடையாது." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்ன முதல் ஆள் அவர்.

சட்டத்தில் வழி இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கும் அதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆனால் பின்கதவுக்காக வருஷக்கணக்கில் கோர்ட் வராந்தாவில் நிற்க எனக்குத் தெம்பில்லை. என் சொந்தப் பாலிசியிலேயே கிளெய்ம் போட்டேன். கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் என் கையிலிருந்து போனது, கிளெய்ம் போடாமல் சேர்த்து வைத்திருந்த 45 சதவீத பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பூஜ்யத்துக்கு வந்தது. நிறுத்தி வைத்த வண்டியை அவர்கள் இடித்தார்கள், அடுத்த வருஷப் பிரீமியம் எனக்கு ஏறியது. சின்னச் சேதத்துக்கு என்று மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி, ஒரு தொகை வரம்பு, ஒரு பக்கப் படிவம் வைத்தால் இந்த ஒற்றை ஸ்டார் நாலாக ஏறும். ஓட்டுநர்களும் கைக்காசோடு ஓரமாகக் கூப்பிட மாட்டார்கள்.

ஆவணங்களுக்கான இணைய சேவைக்கு மட்டும் தனியாக நாலரை ஸ்டார். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் தளத்தில் சாலை விபத்து ஆவணங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் விபத்து நடந்த இடத்தின் வரைபடமான ரஃப் ஸ்கெட்ச், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை எல்லாம் இறக்கிக்கொள்ளலாம். யாரையும் "ஐயா" என்று கெஞ்ச வேண்டாம், ஜெராக்ஸ் செலவுக்கு என்று யார் கையிலும் எதையும் வைக்க வேண்டாம். ரஃப் ஸ்கெட்ச்சில் என் காரை ஒரு கட்டமாகவும் ஜீப்பை அதைவிடச் சின்னக் கட்டமாகவும் வரைந்திருந்தார்கள். அரை ஸ்டார் அதற்காகக் குறைத்தேன்.