முப்பது சீட்டுக்குத் தலை எது, கால் எது?

சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்துக் குறி பார்க்கக் கற்றுக்கொள்ளலாமா, இல்லை குறி பார்க்கவென்று படங்களோடு வரும் டேரோ கட்டே வாங்கிவிடட்டுமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வருஷக்கணக்காக நான் இதோடு கிடப்பதால் என்னிடம் கேட்டாள். அவள் கேட்ட நேரம், முனை மழுங்கிய என் பழைய கட்டை ஓரம் வைத்துவிட்டு, புதுக் கட்டைப் பிரித்து, சீட்டின் தலைப்பக்கம் எது என்று தெரியப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தக் கலையில் ஆறாத எரிச்சல் ஒன்று உண்டென்றால் அது இந்தப் புள்ளி வேலைதான். அதனால் பதில் நீண்டுவிட்டது.

அடிப்படைப் பலன்களை இங்கே சொல்லப் போவதில்லை. ஆர்ட்டின் என்றால் மனசும் உறவும், டைமண்ட் என்றால் பணம், கிளாவர் என்றால் வேலை, ஸ்பேடு என்றால் தடை. ஆர்ட்டின் ஒன்பது வந்தால் நினைத்தது நடக்கும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய இதுதான். சில புத்தகங்கள் டைமண்டையும் கிளாவரையும் இடம் மாற்றிச் சொல்லும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றால் போதும், பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. 'சீட்டு நேராக விழுந்தால் இந்தப் பலன், தலைகீழாக விழுந்தால் அந்தப் பலன்' என்று ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பலன் எழுதியிருப்பார்கள். சரி என்று கட்டை எடுத்து டைமண்ட் பத்தை மேசையில் வையுங்கள். அப்படியே அரைவட்டம் திருப்புங்கள். முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். ராணியை எடுங்கள். மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் நேராகத்தான் நிற்பாள்.

இப்போது ஸ்பேடு மூன்றைப் பாருங்கள். மேலே உள்ள சின்னம் நிமிர்ந்திருக்கும், கீழே உள்ளது கவிழ்ந்திருக்கும். நடுவில் இருக்கும் ஒன்றுதான் சீட்டு நேரா தலைகீழா என்று முடிவு செய்கிறது. ஏஸிலும் ஐந்திலும் ஒன்பதிலும் அப்படித்தான். ஆறிலும் ஏழிலும் எட்டிலும் இரு வரிசைகளின் நடுச் சின்னங்கள் காட்டிக்கொடுக்கும். இரண்டு, நான்கு, பத்து மூன்றிலும் நடுவில் எதுவும் இல்லை, அல்லது இருப்பவை சரிசமமாகப் பிரிந்துவிடுகின்றன. டைமண்ட் சின்னத்துக்கோ மேல் கீழ் என்பதே கிடையாது. அந்தப் பதின்மூன்று சீட்டில் ஏழாம் எண் சீட்டுக்கு மட்டும் தலை உண்டு, அதுவும் அதன் ஏழாவது சின்னம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால். எண்ணிப் பார்த்தால், இன்று கிடைக்கும் பெரும்பாலான கட்டுகளில் 52 சீட்டில் 22க்குத்தான் தலை கால் தெரியும். மீதி 30 எப்படி விழுந்தாலும் ஒன்றுதான்.

முப்பது சீட்டு போனால் என்ன, மற்றதை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பலனே கோணிப்போகிறது. ராஜா, ராணி, ஜாக்கி யாரும் தலைகீழாக விழ மாட்டார்கள் என்றால், புத்தகம் சொல்லும் ஏமாற்றுக்காரரும் பொறாமைக்காரரும் விரிப்பில், அதாவது குறி பார்க்க விரித்து வைக்கும் சீட்டுகளில், வரவே முடியாது. டைமண்டில் ஏழைத் தவிர எதுவும் கவிழாது என்றால் பணம் கைவிட்டுப் போவதே அரிது. உறவும் வேலையும் மட்டும் மாறி மாறிக் கெட்டுக்கொண்டே இருக்கும். கேட்க வந்தவரின் வாழ்க்கையைப் பற்றி அல்ல, அச்சடித்த சின்னத்தின் வடிவத்தைப் பற்றித்தான் அப்போது குறி சொல்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சில் ழான் பாப்டிஸ்ட் அலியெட் என்பவர் தன் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் போட்டு எத்தெய்யா என்று வைத்துக்கொண்டு, 1770இல் சீட்டில் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகப் போட்டார். அவர் எடுத்துக்கொண்டது 52 சீட்டு அல்ல. பிக்கெட் என்ற ஆட்டத்துக்கான 32 சீட்டு, ஏழிலிருந்து ஏஸ் வரை. அதோடு கூடுதலாக ஒரு சீட்டு. நேர்ப்பலன், தலைகீழ்ப்பலன் இரண்டையும் அவர் கொடுத்தார். அந்தக் காலத்து ராஜா ராணிக்கு ஒரே தலை, கீழே கால்கள். கவிழ்ந்து விழுந்தால் பார்த்த உடனே தெரியும். பிறகு 19ஆம் நூற்றாண்டில் இரட்டைத் தலைச் சீட்டுகள் பரவின. கையில் ராஜா தலைகீழாக வந்தால் ஆட்டக்காரர் அதை நிமிர்த்தி வைப்பார், எதிரில் இருப்பவர் அதைக் கவனித்துவிடுவார். அதைத் தவிர்க்க ஆட்டக்காரர்களுக்கு இந்த மாற்றம் நல்லதாகப் போயிற்று. சீட்டு மாறியது. பலன் பட்டியல் மாறவில்லை.

இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டியலை நகலெடுத்து நகலெடுத்து எழுதுகிறவர்கள் யாராவது ஒரு கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? என்னிடம் இருக்கும் ஒரு புத்தகத்தில் டைமண்ட் ராஜாவின் நேர்ப்பலனுக்கு மேலும் தலைகீழ்ப்பலனுக்கு மேலும் ஒரே படத்தை இரண்டு முறை அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. புதிதாகக் கற்க வருகிறவர்கள் தங்களுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சரி, அடையாளம் வைத்தாயிற்று. அப்புறமும் தீராது. சீட்டைக் கையில் வைத்துக் கலைக்கும்போது எந்தச் சீட்டும் தானாகத் தலைகீழாகத் திரும்பாது. இரு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிட்டுக் கலைத்தால் ஏழு முறை போதும் என்று பேயர், டயாகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். ஆனால் அதில் வரிசைதான் கலையும், திசை கலையாது. ஒரு பாதியை நாமே திருப்பிச் சேர்த்தால்தான் தலைகீழ்ச் சீட்டு என்று ஒன்று உண்டாகும். எத்தனை முறை திருப்புகிறோமோ அதைப் பொறுத்துப் பலன் மாறும். இதையும் புத்தகங்கள் சொல்வதில்லை. பின்பக்கம் ஒரே திசையில் படம் போட்ட கட்டு வாங்கினால் புள்ளி தேவையில்லை என்று அதையும் முயன்று பார்த்தேன். பின்பக்கம் மேலே இருக்க வைத்த நிலையிலேயே நேர், தலைகீழ் தெரிந்துவிடுகிறது. சீட்டு எடுக்க வருகிறவர்களின் விரல் நேராக இருப்பவற்றையே தேடிப் போகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு, ஏன் இன்னும் இதே கட்டோடு இருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சீட்டுகளில் படம் இல்லை. அதுதான் இவற்றின் பலம். டேரோவில் கோபுரம் இடிந்து ஆட்கள் விழும் சீட்டு வந்தால், கேட்க வந்தவரின் முகம் அப்போதே மாறிவிடுகிறது. அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அந்தப் படம்தான் பேசும். கிளாவர் எட்டு அப்படி எதுவும் பேசாது. வேலையை விடலாமா என்று கேட்ட ஒருவருக்கு மூன்று சீட்டு விரித்தேன்: கிளாவர் எட்டு, ஸ்பேடு ராணி, டைமண்ட் ஏழு. கிளாவர் எட்டைக் காட்டி, "வேலை நிறைய இருக்கு, ஆனா ஒரே மாதிரி இருக்கு, அப்படித்தானே?" என்று கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு ராணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க என் மேனேஜர் இல்லைங்க. என் அக்கா. வேலையை விட்டா அக்கா என்ன சொல்லுவாங்கன்னுதான் பயம்" என்றார். ஸ்பேடு ராணி என்றால் கணவனை இழந்தவள், கெடுதல் நினைப்பவள் என்று புத்தகம் சொல்லும். அதை நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த அக்கா பேச்சிலேயே வந்திருக்க மாட்டார்.

சீட்டுக்கு நாளை நடப்பது தெரியும் என்று நான் நம்பவில்லை. மனிதர்கள் பொதுவான சொற்களை எவ்வளவு எளிதாகத் தங்களுடையதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1949இல் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரக் குறிப்பைக் கொடுத்து, இது உங்களுக்கென்றே எழுதியது என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4.26 வந்தது. குறி சொல்ல உட்காரும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சொன்னது பலித்தது என்று பெருமைப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. எதிரில் இருப்பவர் மனசைத் திறந்து பேசினாரா என்பதுதான் எனக்குக் கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. மூன்று சீட்டு விரித்தால் அதில் ஒரு ஸ்பேடாவது இருக்க நூற்றுக்கு 59 வாய்ப்பு. ஸ்பேடு என்றாலே கெடுதல் என்று சொல்லப் பழகியவர், தன்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பயமுறுத்தித்தான் அனுப்புவார். ஸ்பேடு ஏஸ் மரணம் என்று எழுதிவைத்திருப்பவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம். நோய், சாவு பற்றிய கேள்விக்கு நான் கட்டைக் கையிலேயே எடுப்பதில்லை.

தலைகீழ்ப்பலனே இல்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. லெனார்மண்ட் என்ற 36 சீட்டு முறையில் மரபாகத் தலைகீழ் கிடையாது. பக்கத்தில் எந்தச் சீட்டு நிற்கிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் பலன். அந்தக் கட்டு 1799 வாக்கில் நியூரம்பர்க்கில் ஹெஷ்டல் என்பவர் உருவாக்கிய ஒரு பொழுதுபோக்கு ஆட்டத்திலிருந்து வந்தது; குறிசொல்லியான லெனார்மண்ட் அம்மையாரின் பெயரை அவர் 1843இல் இறந்த பிறகுதான் அதற்கு வைத்தார்கள். அந்த வழியைச் சாதாரணக் கட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். டைமண்ட் பத்துக்கு இருபுறமும் கிளாவர் நின்றால் உழைத்து வரும் பணம். ஒருபுறம் ஸ்பேடு நின்றால் தாமதமாகும் பணம். அழகாக ஓடுகிறது. விரிப்பு முழுவதையும் ஒரே பார்வையில் படிக்கப் பழக்குகிறது. எனக்கு இதில் கிடைத்த ஆகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

ஆனாலும் தோழிக்கு நான் சொன்ன பதில், டேரோவையே வாங்கு என்பதுதான். அவள் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி படிப்பவள். 78 சீட்டும் முழுப் படமாக வரும் 1909இன் ரைடர் வெய்ட் வகைக் கட்டு என்றால் சீட்டு தலைகீழாக விழுந்ததா இல்லையா என்று பார்த்தவுடனே தெரியும், புத்தகம் ஒன்றும் கட்டு ஒன்றும் சொல்லாது. சாதாரணக் கட்டுதான் நல்லது என்று அவளிடம் சொல்லி, அவளும் முதல் வாரமே ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குழம்ப வேண்டுமா? இன்றைய என் மனநிலையில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அதையும் மீறிச் சாதாரணக் கட்டோடு தொடங்குகிறவர்கள் பிளாஸ்டிக் சீட்டு வாங்க வேண்டாம், பென்சில் பிடிக்காது. காகிதச் சீட்டு வாங்குங்கள். புள்ளியை முன்பக்கம், ஒரு மூலை எண்ணுக்குக் கீழே சின்னதாக வையுங்கள், அந்த முப்பதுக்கு மட்டும். புள்ளி வைத்த கட்டை ரம்மிக்கு எடுக்காதீர்கள். ஆட்டத்துக்கு வேறு கட்டு வைத்துக்கொள்ளுங்கள்.