காமன் பாத்ரூம் லாட்ஜ்ல மூணு நைட்: ரூம் ஓகே, கீஸர்தான் பிரச்சனை

மூணு நைட் தங்கிட்டு இன்னைக்கு காலைலதான் காலி பண்ணேன். பகல் பூரா வெளிய வேலை, ராத்திரி வந்து படுக்க ஒரு கட்டில் போதும், இதுக்கு எதுக்கு காசக் கொட்டணும்னு காமன் பாத்ரூம் ரூமா பார்த்து போட்டேன். அதுல வருத்தம் இல்ல. ஆனா புக் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும், எத்தன ரூமுக்கு எத்தன பாத்ரூம்னு.

எங்க மாடில ஒன்பது ரூம், ரெண்டு பாத்ரூம், கீஸர் ஒண்ணுல மட்டும். 25 லிட்டர் கீஸர். நல்லா சூடான தண்ணிய பச்சத்தண்ணியோட கலந்தா மிஞ்சிப்போனா மூணு பக்கெட் தேறும், அப்புறம் 2000 வாட் காயில் மறுபடி சூடாக்க அரைமணி நேரம் ஆகும், காலைல ஏழு மணிக்கு அந்த அரைமணி நேரத்த யாரு குடுப்பா? மொத நாள் நான் அஞ்சாவது ஆளு. தோள்ல துண்டு, கைல சோப்பு டப்பா, உள்ள ஒருத்தர் பாட்டு பாடிட்டு இருக்காரு, முடியவே இல்ல. கடைசில எனக்கு கிடைச்சது ஐஸ் தண்ணி.

கீழ போய் கத்தினேன். ரிசப்ஷன்ல இருந்த அண்ணன் அசரவே இல்ல, "தம்பி, நாளைக்கு அஞ்சரைக்கு எந்திரிச்சு பாருங்க"ன்னாரு. கடுப்பாதான் இருந்துச்சு, ஆனா எந்திரிச்சேன். சுடுதண்ணி, காஞ்ச தரை, வெளிய கதவத் தட்ட ஆளில்ல. மூணாவது நாளும் அதே டைம்தான்.

க்ளீனிங்க குறை சொல்ல முடியாது, ரெண்டு வேளையும் கழுவுறாங்க. ஆனா இத்தன பேரு புழங்குற ஈரத்தரைல வெறுங்கால்ல நிக்காதீங்க, சேத்துப்புண் இப்படித்தான் ஒட்டிக்கும், ரப்பர் செருப்பு கண்டிப்பா வேணும். உள்ள ஒரே ஒரு கொக்கிதான் (அதுவும் ஆடுது), மாத்துத்துணிய ஒரு பாலிதீன் கவர்ல போட்டு மாட்டுனாதான் நனையாம இருக்கும்.

ரூம் சின்னது, பெட்ஷீட் துவைச்சது. பைய இறக்குறதுக்கு முன்னாடி மெத்தையத் தூக்கி தையல் ஓரமா டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மூட்டைப்பூச்சி இருந்தா அங்கதான் மை தெளிச்ச மாதிரி கருப்பு புள்ளி இருக்கும், இங்க ஒண்ணும் இல்ல. தாழ்ப்பாள் லொடலொடன்னு இருந்துச்சு, சொந்தப் பூட்டு கொண்டு போனது நல்லதாப் போச்சு. ப்ளக் பாயின்ட் ஒண்ணே ஒண்ணு, கதவுகிட்ட, போன் தரைலதான் சார்ஜ் ஆச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் வந்தா ரூமப் பூட்டிட்டு சாவியோட வராண்டா முழுக்க நடக்கணும், ரூம் அந்தக் கடைசில இருந்தா பாவம். எங்கம்மாவ இங்க கூட்டிட்டு வரமாட்டேன். தனியா சுத்துறவங்களுக்கு ஓகே.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். அடுத்த தடவையும் இங்கயேதான் போடுவேன், ஆனா பாத்ரூம ஒட்டின ரூம் மட்டும் வேணாம். கிட்டக்க இருக்கேன்னு சந்தோஷமா வாங்கினேன், மூணு ராத்திரியும் மாடில யாரு எப்ப ஃப்ளஷ் பண்ணாங்கன்னு கணக்கே சொல்லுவேன்.