கலர் லைட் கொன்ட்ரோலர்: மூன்று சோதனைகளில் எதை நம்பலாம்?

பொரளையிலோ பம்பலப்பிட்டியிலோ சந்தி ஓரத்துப் பெட்டிக்குள் இருந்து கலர் லைட்டை இயக்கும் கொன்ட்ரோலரைச் சோதிக்க மூன்று வழி உண்டு. மின்சாரம் வந்ததும் அது தானே செய்துகொள்ளும் சோதனை ஒன்று. கழற்றி மேசையில் வைத்து லூப்பேக் கேபிள் மாட்டிச் செய்வது இன்னொன்று. மோதும் பக்கங்களுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழாமல் விளக்குக் கம்பிகளைத் தனியே காவல் காக்கும் கொன்ஃபிளிக்ட் மொனிட்டரைச் சோதிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் நேரமில்லையென்றால் கடைசியை மட்டும் விடவே கூடாது என்பது என் கட்சி.

முதலாவதற்குச் செலவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய காலத்தில்கூட, மின்சாரம் திரும்பும்போதெல்லாம் அது ஓடியிருக்கும். நிரல் நினைவகத்தில் உள்ள எண்களைக் கூட்டி, பதிந்து வைத்த கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், எழுதித் திரும்ப வாசிக்கும். ஒவ்வொரு இடத்திலும் எழுதிய உடனேயே வாசிக்கும் வகையென்றால், செத்த பிட் அகப்படும். முகவரிக் கம்பி பழுதாகி இரண்டு முகவரி ஒரே இடத்துக்குப் போனால் அகப்படாது. முழுவதும் எழுதிவிட்டு, பிறகு வரிசையாக ஒவ்வொரு இடத்தையும் வாசித்து மாற்றி எழுதிக்கொண்டு போகும் ‘மார்ச்’ (அணிநடை) வகை அதைப் பிடிக்கும். உங்கள் பெட்டியில் எது என்று கையேட்டில் பாருங்கள். கடிகாரத்தையும் இது கவனிக்காது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள கடிகாரப் படிகம் நாளுக்கு 1.7 செக்கன், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 50 செக்கன் விலகும். சோதனை ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருக்க, காலி வீதியில் ஒன்றோடொன்று நேரம் பொருத்திய சந்திகள் பிரிந்துபோகும்.

லூப்பேக் இன்னும் ஆழம் போகும். வெளியீடுகளை உள்ளீடுகளோடு கோர்த்து, ஒவ்வொன்றாக ஏற்றி, அதற்குரிய உள்ளீடு மட்டும் மாறுகிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால் பக்கத்துப் பின்கள் ஒட்டியிருப்பது தெரியாது. விளக்குகள் இணைந்திருக்கும் பெட்டியில் இதை ஓட்டவே வேண்டாம். முறை தவறிப் பச்சை விழும். நம் ஊரில் இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. கடற்காற்றில் கனெக்டர் களிம்பு பிடிக்கும். கழற்றி மாட்டும்போதே களிம்பு உரசிப் போய்விடும். மேசைக்கு வந்த கருவி நல்ல பிள்ளையாக வேலை செய்யும். அதனால் கழற்றுவதற்கு முன்பே பின்களைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்து வைப்பது நல்லது.

மொனிட்டர் கொன்ட்ரோலரை நம்புவதில்லை. கம்பியில் உண்மையில் என்ன மின்னழுத்தம் என்று பார்க்கிறது. அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நேமாவின் விதிப்படி, முரணான இரண்டு பச்சை 450 மில்லிசெக்கன் சேர்ந்து நின்றால் சந்தியை விட்டுவிட்டு எரியும் நிலைக்குத் தள்ள வேண்டும். 200க்குக் குறைவென்றால் தள்ளக் கூடாது. அந்த விதியின் வோல்ட் எல்லைகள் 120 வோல்ட்டுக்கு எழுதப்பட்டவை. நம்முடைய 230 வோல்ட்டுக்கு அப்படியே எடுக்கக் கூடாது.

எல்ஈடி விளக்குக்கு மாறிய சந்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். விளக்குக்கு மின்சாரம் விடும் லோட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் கசியும். பழைய மின்குமிழ் அதை விழுங்கிவிடும், எல்ஈடி விழுங்காது. கம்பியில் மின்னழுத்தம் ஏறி, எரியாத பச்சை எரிவதாக மொனிட்டர் எண்ணும். அதற்குச் சரியான மருந்து அந்தக் கசிவை விழுங்க, கம்பியில் ஒரு சுமைத் தடை (ரெசிஸ்டர்) போடுவது. தொல்லை தாங்காமல் எவை சேர்ந்து எரியலாம் என்று மொனிட்டருக்குச் சொல்லும் புரோகிராம் கார்டில் ஒரு ஜம்பரை (இணைப்புக் கம்பியை) சேர்த்து ‘இந்த இரண்டும் சேர்ந்து எரியலாம்’ என்று அனுமதித்தால், காவலாளி அந்தச் சோடிக்குக் குருடாகிவிடுவான். பிறகு உண்மையாகவே இரண்டு பச்சை விழுந்தாலும் மொனிட்டர் சும்மா இருக்கும். நடுவில் மாட்டுவது பள்ளிக்கூட வேனாக இருக்கலாம்.

ஆகவே மொனிட்டர் சோதனை என்றால் ஒவ்வொரு சோடியாகச் சோதிப்பதுதான்: மொனிட்டர் தனித்தனியே கவனிக்கும் விளக்குத் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு சனல்; 12 சனலுக்கு 66 சோடி, 16 சனலுக்கு 120. கையால் செய்தால் பொறுமை போகும். தானியங்கிச் சோதனைக் கருவி இருந்தால் வேலை சுருங்கும். கார்டைத் தொட்ட ஒவ்வொரு முறையும் முழுச் சோடிகளையும் மறுபடி ஓட்டி, முடிவைத் திகதியோடு பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.