பழைய யமஹா 15 படகு இன்ஜினுக்கு கார்புரேட்டர் கிட்: பணம் கொடுக்குமுன் பிரைமர் பல்பை அமுக்குங்கள்

டூ ஸ்ட்ரோக் யமஹா 15 மெதுவாக நன்றாக ஓடுகிறது, த்ராட்டிலைத் திருகியதும் திணறி அடங்குகிறது. கடையில் உடனே நீட்டுவது கார்புரேட்டர் கிட்தான். கேஸ்கெட், ஓ-ரிங், நீடில் வால்வு எல்லாம் இருக்கும். சில கிட்டில் மிதவையும் வரும், மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு) வராது. அடைபடுவதோ பெரும்பாலும் அந்த ஜெட்தான்!

திணறும்போது பிரைமர் பல்பை, அதாவது பெட்ரோல் ஹோஸில் இருக்கும் ரப்பர் உருண்டையை, அமுக்கிப் பாருங்கள். வேகம் பிடித்தால் கோளாறு பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்திலோ (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), காற்று இழுக்கும் ஹோஸிலோ இருக்கிறது. அப்போது இந்தக் கிட் வீண் செலவு. சோக்கைச் சற்று இழுத்ததும் பிடித்தால் பெட்ரோல் போதவில்லை, ஜெட்டைக் கழற்றுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் துளை வட்டமாகத் தெரிகிறதா பாருங்கள். ஐடில் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் கிட் விலை அதிகம்தான், ஆனால் கேஸ்கெட் கச்சிதமாக உட்காருகிறது. மலிவு ரகத்தில் நீடில் நுனியைப் பார்த்து வாங்குங்கள். சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழிந்து பிளக் நனையும். எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்ட ரப்பர் ஊதிப்போகும்.

ஸ்பார்க் பிளக் பி7எச்எஸ்-10, அதன் முனை இடைவெளி 1 மி.மீ. இரண்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் (உள்ளே ஏறும் அழுத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் கிட்டை மறந்துவிடுங்கள், கோளாறு இன்ஜினுக்குள். இன்ஜின் சத்தம் ஏறி, படகு மட்டும் நகரவில்லையா? ப்ரொப்பல்லர் நடு ரப்பர் வழுக்குகிறது.