தென்சென்னையில் ஒரு செஸ் வகுப்பு: இரண்டு வருஷ அனுபவம்

மகளை இந்த செஸ் வகுப்பில் சேர்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது, இப்போது ஒன்பது. "எப்படி இருக்கு, எங்க பையனையும் சேர்க்கலாமா" என்று பலர் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி என்னைப் போன்ற பெற்றோர் செய்தது, அதற்கு அவர்களை மட்டும் ஊரறிய இழுப்பது நியாயமில்லை.

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. செருப்பை மாடிப்படியிலேயே விட வேண்டும். ஒரு பெரிய அறை, சுவரில் காந்தக் காய்கள் ஒட்டும் பெரிய போர்டு, பன்னிரண்டு மேசை, காற்றோட்டம் பரவாயில்லை. வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், மாசம் 3,500 ரூபாய். வண்டி நிறுத்த இடம் கிடையாது.

சொல்லிக்கொடுப்பதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பேட்ச் எடுக்கிற சார் இளைஞர்தான், ஆனால் பிள்ளைகளிடம் அவருக்கு இருக்கும் பொறுமையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. போர்டில் ராஜாவும் இரண்டு மூன்று சிப்பாய்களும் மட்டும் வைத்து, "இப்போ எதிர்ல இருக்கறவன் என்ன நினைக்கிறான், சொல்லுங்க" என்பார். விடை சொல்ல விடமாட்டார். எதிராளியின் மனசில் என்ன ஓடுகிறது என்று முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் காயைத் தொடலாம். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு யோசிப்பார்கள். ஒரு நாள் மகள் வீட்டில் தம்பியிடம் பொம்மையைப் பிடுங்காமல், "இவன் இப்ப அழுவான், அப்புறம் அம்மா வருவாங்க" என்று நின்று யோசித்ததைப் பார்த்தேன். கொடுத்த காசு அன்றைக்கே வசூலாகிவிட்டது.

பிரச்சினை அறைக்குள்ளே இல்லை, வெளியே வராண்டாவில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருக்கிறது. கதவில் ஒரு கண்ணாடி உண்டு, அதில் எப்போதும் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பேச்சு எப்போதும் ரேட்டிங்தான். பிள்ளையின் பெயர் தெரியாது, "அந்த 1480 பையன்" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ரேட்டிங் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆட்ட முடிவுகளை வைத்து ஒவ்வொருவரின் திறமைக்கும் போடும் எண் அது. உலக செஸ் அமைப்பான ஃபிடே ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி புதுப் பட்டியல் போடும். 18 வயதுக்குள், 2300க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கம் மிக வேகமாக இருக்கும்படிதான் கணக்கே வைத்திருக்கிறார்கள். சம ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் 20 பாயிண்ட் போகும், ஜெயித்தால் 20 வரும். ஒரு வார இறுதியில் நூறு இறங்குவதும் அடுத்த மாசம் நூறு ஏறுவதும் சாதாரணம். பெற்றோர் இந்த ஊசலில்தான் மாட்டிக்கொள்கிறோம். 2024 மார்ச்சில் ஃபிடே அடிமட்ட ரேட்டிங்கை 1000லிருந்து 1400 ஆக்கியது, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டு ஏற்றிக் கொடுத்தது. 1250இல் இருந்த பையன் ஒரு ஆட்டமும் ஆடாமல் 1550 ஆனான். எங்கள் வாட்ஸாப் குழுவில் அதற்கும் கேக் வெட்டிய போட்டோ வந்தது.

அந்தக் குழுவை நடத்துவது நிர்வாகம். மாசம் பிறந்தால் எல்லாப் பிள்ளைகளின் ரேட்டிங்கையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திப் போடுவார்கள், இறங்கியவர்களுக்குச் சிவப்பு. எட்டு வயதுப் பிள்ளையின் பெயரைச் சிவப்பில் போட்டு அறுபது பெற்றோருக்கு அனுப்புவது எனக்கு இன்றுவரை கோபமாக இருக்கிறது, நேரில் சொல்லியும் நிறுத்தவில்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் இங்கே கூட்டம் அலைமோதியது. நாங்கள் சேர்ந்தபோது எட்டுப் பேர் இருந்த பேட்ச் இருபது ஆனது. அடுத்த மாசமே "சாம்பியன் பேட்ச்" என்று ஒன்று ஆரம்பித்தார்கள்: வாரம் ஆறு நாள், காலை ஐந்தரைக்கு ஆன்லைன், மாசம் 12,000. பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பள்ளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று பேசினார்கள். வராண்டாவிலும் அதே பேச்சு. குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தினார், காது மூக்கு தொண்டை டாக்டரான அவர் அப்பா பிராக்டிஸை விட்டுவிட்டுக் கூடவே ஊர் ஊராகப் போனார் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். குகேஷின் கோச் விஷ்ணு பிரசன்னா அவருக்குப் பல வருஷம் என்ஜினை, அதாவது சரியான மூவைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமை, தொடவிடாமல் பயிற்சி கொடுத்தார் என்பதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியை அவர் வீட்டில் செஸ்ஸுக்கு அனுப்பியதே டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான், அவரைப் பார்த்துத்தான் தம்பியும் போர்டு முன்னால் உட்கார்ந்தார். இதையும் யாரும் பேசுவதில்லை. 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து இன்றுவரை எண்ணிக்கை 80ஐத் தாண்டியிருக்கிறது, பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே கல்யாண மண்டபத்தில் அதைப்போலப் பல மடங்கு பிள்ளைகள் உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

அந்த மண்டபத்து வாசலை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கு வெளியே டிபன் பை, தண்ணீர் பாட்டிலோடு நிற்போம். ஒரு முறை, பத்து வயதிருக்கும் ஒரு பையன் வெளியே வந்தான். அவன் அம்மா தூரத்திலேயே பாட்டில் மூடியைத் திறந்து கையில் தயாராக வைத்திருந்தார். "என்னடா ஆச்சு?" பையன் கட்டைவிரலைக் கீழே காட்டினான். அந்த அம்மா மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு முன்னால் நடந்தார். பையன் பின்னால் போனான். தண்ணீர் கேட்கவில்லை.

நான் அப்படியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன், தலையைத் தடவுவேன். அப்புறம் ஸ்கோர் ஷீட்டை வாங்கி, அவள் எழுதிய ஒவ்வொரு மூவையும் போனில் என்ஜினில் போட்டு, "இங்க பாரு கண்ணா, 18ஆவது மூவ்ல குதிரையை ஏன் பின்னால கொண்டுபோனே?" என்று கேட்பேன். உதவி என்றுதான் நினைத்தேன். அடுத்த ரவுண்டுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கும், அவள் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அந்த சார் என்னை நிறுத்தினார். மேசையில் இரண்டு தாள் வைத்தார். ஒன்று வகுப்பில் எழுதியது, மணி மணியான எழுத்து. இன்னொன்று டோர்னமெண்டில் எழுதியது: முதல் பத்துப் பன்னிரண்டு மூவ் ஒழுங்காக இருக்கிறது, அதற்குக் கீழே கோழி கிளறிய மாதிரி. "நடுவர் ரெண்டு தடவை சொல்லிட்டாராம், தெளிவா எழுதுன்னு. கை வலிக்குதாம்மான்னு கேட்டேன் சார். 'அப்பா போன்ல போட முடியாதபடி எழுதுறேன்'னு சொன்னா." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த பேட்சுக்கு காய் அடுக்கப் போய்விட்டார்.

இதைச் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. நான் கோபித்துக்கொண்டு வகுப்பை மாற்றியிருந்தால் நிர்வாகம் அவரைத்தான் கேட்டிருக்கும். அதனால்தான் நிர்வாகத்தின் மேல் இவ்வளவு வருத்தம் இருந்தும் அங்கேயே அனுப்புகிறேன்.

அன்றைக்கே அந்த ஆப்பை எடுத்துவிட்டேன், குழுவிலிருந்தும் வெளியே வந்தேன். மகளிடம் "இனிமே தாளைக் கேட்க மாட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை, அடுத்த டோர்னமெண்டிலும் கிறுக்கல்தான். நாலாவதிலோ ஐந்தாவதிலோதான் தாளை மறைக்காமல் பையில் வைத்ததைப் பார்த்தேன். அது சாருக்கு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த மூன்றரையும் பாடத்துக்கு. சேர்ப்பதாக இருந்தால் சனிக்கிழமை மாலை நாலரை பேட்ச் கேளுங்கள், முதல் வகுப்பு இலவசம். சாம்பியன் பேட்ச் வேண்டாம், அதற்காக எத்தனை தடவை போன் வந்தாலும். பிள்ளையை மேலே அனுப்பிவிட்டு வராண்டாவில் உட்காராதீர்கள், எதிரே டீக்கடை இருக்கிறது, வடை சூடாக நாலேமுக்காலுக்கு வரும்.