மாதிரி விமான எஞ்சினுக்கான கில் ஸ்விட்ச்சை ரிமோட் காருக்கு என்று விற்கிறார்கள், கவனம்

பெட்ரோலில் ஓடும் பெரிய ரிமோட் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். போன மாதம் என் அண்ணன் மகனின் கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் என் கார் சீறிக்கொண்டு போனது. அந்த நொடியை நினைத்தால் இன்னும் உடம்பு பதறுகிறது.

என்னுடையது 1/5 அளவுக் கார். 26 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், எடை 10 கிலோவுக்கு மேல், திறந்த வெளியில் மணிக்கு 60 கிலோமீட்டரை எளிதாகத் தொடும். ஆனால் அதை நிறுத்தும் ஏற்பாடு என் கையில் உள்ள ரிமோட்டை மட்டுமே நம்பியிருந்தது. அதனால்தான் தீப்பொறியை நிறுத்தி எஞ்சினையே அணைத்துவிடும் கில் ஸ்விட்ச் தேடினேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் "எல்லாப் பெட்ரோல் எஞ்சினுக்கும் பொருந்தும்" என்று விளம்பரம் செய்திருந்தார். படத்தில் இருந்ததும் கார்தான். என் எஞ்சின் மேக்னெட்டோ இக்னிஷன் (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் தீப்பொறி தரும் முறை) கொண்டது என்பதையும் எழுதிக் கேட்டேன். "தைரியமாக வாங்குங்கள் சார், நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன்" என்றார். 2,800 ரூபாய் அனுப்பினேன்.

வந்தது தீப்பெட்டியை விடச் சிறிய கறுப்புப் பெட்டி. காரில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் மூன்றாவது சேனலுக்கு (ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சேனல்) ஒரு பிளக், எஞ்சின் பக்கம் இரண்டு ஒயர்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து வரும் ஸ்டாப் ஒயரில் ஒன்றையும் எஞ்சின் உடம்பில் மற்றொன்றையும் இணைத்தேன். ரிமோட்டில் "ஓடு" என்று வைத்தால் எஞ்சின் பற்றவே இல்லை. "நிறுத்து" என்று வைத்துக் கயிற்றை இழுத்தால் பற்றிக்கொண்டது. விற்பனையாளருக்குப் போன் செய்தேன். "ரிமோட்டில் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்துவிடுங்கள், அவ்வளவுதான்" என்றார். "ஓடு", "நிறுத்து" இரண்டும் இடம் மாறும்படி அப்படியே செய்தேன். பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் "டிக்" என்ற சத்தம், எஞ்சின் அணைந்தது. ஐந்தாறு முறை அழுத்திப் பார்த்துவிட்டு மனநிறைவோடு மைதானத்துக்குக் கிளம்பினேன்.

சேனலை ரிவர்ஸ் செய்யச் சொன்ன அந்த ஒரு யோசனைதான் ஆளைக் கொல்லப் பார்த்தது. விவரமாகச் சொல்கிறேன்.

மாதிரி விமானங்களின் பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் பேட்டரியில் இயங்கும் சிடிஐ என்ற மின்னணு இக்னிஷன் இருக்கும். அதை அணைக்க வேண்டுமானால் பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நம் ரிமோட் கார் எஞ்சின்களின் இக்னிஷனுக்குப் பேட்டரியே கிடையாது. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுற்றிக் காயிலில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதை அணைக்கக் காயிலை எர்த் செய்ய வேண்டும், அதாவது ஒயர்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் துண்டித்தால் அணையும், மற்றதில் சேர்த்தால் அணையும். எனக்கு வந்தது துண்டிக்கிற வகை. சிக்னல் போனாலும் பேட்டரி போனாலும் அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். விமானத்துக்கு அது பாதுகாப்பு. என் காரிலோ, ஆபத்து வரும் நேரம் பார்த்து எஞ்சினை ஓடவிடும் ஏற்பாடாக ஆகிவிட்டது. சேனலை ரிவர்ஸ் செய்ததில் பொத்தான் மட்டும் சரியாக வேலை செய்வதுபோல் தெரிந்தது; உள்ளே இருந்த கோளாறு மறைந்துவிட்டது.

மைதானத்தில் கார் ஒரு மேட்டில் தாவி விழுந்தபோது ரிசீவர் பேட்டரியின் பிளக் கழன்றுவிட்டது. கார்புரேட்டர், பிரேக், ஸ்டீயரிங்கை அசைக்கும் சிறிய மோட்டார்களான சர்வோக்களுக்கு மின்சாரம் இல்லாததால் கார்புரேட்டர் பாதி திறந்த நிலையிலேயே நின்றுபோனது. பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். கார் பையனைத் தாண்டிப் போய் வரப்பில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. அப்போதும் எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் எஞ்சினில் உள்ள சிவப்பு ஸ்டாப் பொத்தானைக் கையால் அழுத்தினேன். சைலன்சர் பட்டு வலது மணிக்கட்டில் மூன்று விரல் அகலத்துக்குத் தோல் வெந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சிறிய ரிலே, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்ச். மின்சாரம் இல்லாதபோது திறந்து கிடந்தது. சர்க்யூட் பலகையில் "சிடிஐ" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விற்பனையாளருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இது மேக்னெட்டோ காயிலை எர்த் செய்யும் வகையா, ரிசீவர் பேட்டரி அறுந்தாலும் எர்த் செய்யுமா? எழுத்தில் பதில் வாங்குங்கள். சேனலை ரிவர்ஸ் செய்தால்தான் வேலை செய்யும் நிலை வந்தால், அந்தப் பொருளை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இரண்டு செல் லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 8.4 வோல்ட் வரும், 6 வோல்ட்டுக்கான ஸ்விட்ச் அதில் கருகிவிடலாம்.

பொருத்தியதும் நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி காரைக் கட்டையின் மேல் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். முதலில் ரிமோட்டை அணையுங்கள்; எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பை, அதாவது சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கும் ஏற்பாட்டைச் சரிபாருங்கள். சில ரிசீவர்கள் சிக்னல் போன பிறகும் கடைசி நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் நல்ல ஸ்விட்ச்கூட ஏமாந்துபோகும். அடுத்து மறுபடி ஓடவிட்டு ரிசீவர் பேட்டரியின் பிளக்கையே பிடுங்குங்கள். அப்போதும் நிற்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது இந்த இரண்டாவது சோதனையைத்தான். எஞ்சினோடு வந்த சிவப்புப் பொத்தானை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்று ஒரு வரி வந்தது, பிறகு பதிலே இல்லை. சர்க்யூட் பலகையின் படம், அவருடைய பழைய பதில்கள், என் மணிக்கட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த விளம்பரம் இன்று காலையிலும் அதே கார் படத்தோடு அப்படியே இருந்தது.