உடனடிக் கிரயமா, பதிவு செய்த கிரய ஒப்பந்தமா?

கடலூரில் கைமாறும் பழைய வீடுகளுக்கு, விலை பேசி முடிந்த பிறகு கணக்கைத் தீர்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்துக் கிரயப் பத்திரத்தைப் பதிந்துவிடுவது ஒன்று. முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, சில மாத அவகாசத்துக்குள் கிரயத்தை முடிப்பது மற்றொன்று. செம்மண்டலம் பக்கம் வீடு வாங்கியபோது நான் இரண்டாவது வழியையே எடுத்தேன். விற்பவரின் வீட்டின் மீது வங்கிக் கடன் நிலுவையில் இருக்குமானால், யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

செலவைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 3.60 லட்சம் ஆகிறது. பத்திரத்தில் எழுதும் விலை, அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக இருந்தால் வழிகாட்டி மதிப்பின் மீதே கணக்கிடுவார்கள். ஒப்பந்தத்தைப் பதிவதற்குத் தனியாக ஒரு கட்டணம் உண்டென்றாலும், கிரயச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்பதும், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பதும் இரு வழிகளுக்கும் பொது. ஒப்பந்த வழியில் அந்த 1 சதவீதத்தை முன்பணத்திலேயே பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உடனடிக் கிரயத்தின் நன்மை வெளிப்படையானது. அசல் பத்திரம் விற்பவரின் பீரோவில் இருந்து, வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) சுத்தமாக இருந்து, பட்டாவும் அவர் பெயரிலேயே இருந்து, வாங்குபவரின் கையிலும் பணம் இருக்குமானால், ஒப்பந்தம் என்ற இடைப்படி தேவையே இல்லை. காலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு டோக்கன் நேரத்தில் சென்று, வங்கி வரைவோலையைக் கொடுத்து, இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமும் கைரேகையும் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் எனக்கு விற்றவரின் நிலை அப்படி இல்லை. அவர் நெய்வேலியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அசல் பத்திரமும் தாய்ப்பத்திரமும் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்) வங்கியில் அடமானமாக இருந்தன. இத்தகைய வீட்டை உடனடிக் கிரயத்தில் முடிப்பதென்றால், அவர் எங்கேனும் கைமாற்று வாங்கி முதலில் கடனை அடைக்க வேண்டும், அல்லது நான் எழுத்து எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கடனை அடைத்த அன்றே பத்திரம் கைக்கு வந்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, கடன் முழுமையாகத் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இந்த விதி கடன் வாங்கியவருக்குப் பெரிய துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், விதிப்படி நடக்கும் வங்கிக்கே ஒரு மாதம் வரை அவகாசம் இருக்கிறது என்பதை வீடு வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த ஒரு மாதத்தில் பணம் கொடுத்தவரின் கையில் என்ன இருக்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் எனக்கு முடிவைத் தந்த கேள்வி.

இன்னொரு சிக்கல் வில்லங்கச் சான்றைப் பார்த்தபோது தெரிந்தது. நடப்புக் கடனுக்கான அடமானப் பதிவுக்கு மேலே, பல ஆண்டுகளுக்கு முந்தைய மற்றோர் அடமானமும் இருந்தது. அந்தக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. பத்திரத்தைத் திரும்ப வாங்கியவர்கள், ரசீது ஆவணத்தைப் பதிவதை மட்டும் விட்டுவிட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் அலுவலர் சார்பதிவாளர் முன்பு ரசீதை எழுதிக் கொடுத்துப் பதிந்தால்தான் கடன் தீர்ந்தது வில்லங்கத்தில் ஏறும். பழைய கணக்கைத் தேடி எடுக்கவே அந்நிறுவனத்துக்கு வாரங்கள் பிடித்தன. அது சரியாகும் வரை எனக்குக் கடன் தரவிருந்த வங்கியின் வழக்கறிஞர், சொத்தில் சிக்கல் இல்லை என்ற சட்டக் கருத்துரையைத் தர மறுத்துவிட்டார். ஒப்பந்தம் பதிவாகி இருந்ததால் அந்த வாரங்களில் விலை ஏறவில்லை, வேறு ஆளும் குறுக்கே வரவில்லை.

ஒப்பந்தம் என்று நான் சொல்வது பதிவு செய்த ஒப்பந்தத்தைத்தான். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஆனால் 2012-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி கிரய ஒப்பந்தம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம். பதிந்தால் அது வில்லங்கத்தில் தெரியும்; அடுத்து வருகிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் வீட்டை நமக்கு உரிமையாக்கிவிடாது என்பது உண்மையே. ஆனாலும், கொடுத்த முன்பணத்துக்குச் சொத்தின் மீது பொறுப்பு (அந்தத் தொகையைச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமை) உண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. கிரயத்தை முடித்துத் தரும்படி வழக்குத் தொடர, குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. அப்படி வழக்காட நேர்ந்தால் மீதித் தொகையுடன் நாம் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும். எனவே கடன் ஒப்புதல் கடிதத்தையும் வங்கி இருப்புக் கணக்கையும் பத்திரப்படுத்துவது நல்லது.

முன்பணத்தின் பெரும்பகுதியை நான் விற்றவரின் கையில் கொடுக்கவில்லை. அவருடைய வங்கியிடம் கடன் முடிப்புத் தொகையைக் குறிப்பிடும் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் கேட்டு வாங்கி, அந்தக் கடன் கணக்கின் பெயருக்கே வரைவோலை எடுத்தோம். வரைவோலை எண்ணும் கடன் கணக்கு எண்ணும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டன. வீட்டு வரி, மின்கட்டண பாக்கி கிரயத் தேதி வரை விற்பவருடையது என்பதையும், சாவி தரும் நாளையும் அதிலேயே சேர்த்தோம்.

விற்பவருக்கு இதில் ஒரு பாதகம் இருக்கிறது. வாங்குபவர் பின்வாங்கினால், பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் நின்றுகொண்டே இருக்கும்; இருவரும் சேர்ந்து ரத்து ஆவணம் பதியாத வரை அடுத்த ஆள் அந்த வீட்டைத் தொடத் தயங்குவார். ஆகவே விற்பவர் அவகாசத்தைக் குறுகலாக வைத்துக்கொள்வதும், குறித்த நாளில் பணம் வராவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு பிடித்துக்கொண்டு ரத்து ஆவணம் பதிவது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் நியாயம். கடன் இல்லாத வீட்டை விற்கிறவர் உடனடிக் கிரயமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் தனி வீட்டோடு நிற்கிறது. கட்டுநரிடம் அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு இந்தக் கேள்வியே எழாது: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே தடுத்திருக்கிறது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் வாங்குவோர், மேலே சொன்ன 7, 2 சதவீதக் கணக்கையும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அங்குள்ள ஆவண எழுத்தரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவை தமிழ்நாட்டுக்கு உரியவை.